தொங்கியது ஒரு சக்கரம்தான்

தொங்கியது ஒரு சக்கரம்தான். முன்பக்கம், இடது சக்கரம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதே சம்பவத்தை வேறு சபைகளில் என் வாயாலேயே கேட்டவர்கள் உங்களில் இருக்கலாம். அவர்கள் இரண்டு சக்கரம் என்று கேட்டிருப்பார்கள். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் மூன்று சக்கரம் தொங்கியது. மூன்று சக்கரம் தொங்கினால் ஜீப் நிற்குமா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கதையும் இந்தச் சாட்சிக்குள்ளேயே வருகிறது.

என் பெயர் தங்கராஜ். கேரள எல்லையில், கம்பம்மெட்டில் குடியிருக்கிறேன். அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா களை எடுத்தார், மருந்து அடித்தார். நான் ஜீப் ஓட்டுகிறேன். விடிந்ததும் மலை இறங்கி, கம்பம் பக்கத்து ஊரில் காத்திருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, திரும்ப மலையேறி, எல்லைச் செக்போஸ்ட் தாண்டித் தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அவர்களைக் கொண்டுபோய் வீட்டில் சேர்க்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

என் ஜீப்பில் வருகிறவர்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் ஏலக்காய் எடுக்கிறவர்கள். மூத்தவர் ராசாத்தியக்கா. அவர் ஏறிய வண்டிக்கு ஹாரன் தேவையில்லை. அடிவாரத்தில் ஆரம்பித்தால் மேலே செக்போஸ்ட் வரை மருமகளைப் பற்றியும் மேஸ்திரியைப் பற்றியும் பேசிக்கொண்டே வருவார். மற்ற பதினோரு பேரும் அதற்குப் பின்பாட்டுப் பாடுவார்கள். சத்தம் தாங்காமல் நான் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன்.

போன வருஷம் வைகாசிக் கடைசி. மழை பிடித்துக்கொண்ட வாரம். காலை நேரம், மேலே பலாமரத்து வளைவில் ஒரே மூடுபனி. எதிரே இறங்கி வந்த லாரிக்கு இடம் விட ஒதுங்கினேன். ஓரத்து மண் மழையில் இளகிக் கிடந்தது எனக்குத் தெரியாது. மண் சரிந்தது. தடுப்புக்கல் ஒன்று கீழே உருண்டது. ஜீப்பின் மூக்கு சாய்ந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். இடது முன்சக்கரத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் பனிதான் இருந்தது.

பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொருத்தராகப் பின்னால் இறங்குங்கள், குதிக்காதீர்கள் என்றேன். பதினோரு பேரும் இறங்கினார்கள். ராசாத்தியக்கா மட்டும் இறங்காமல், எல்லோருடைய தூக்குவாளிகளையும் ஒன்றொன்றாக எடுத்து வெளியே கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் இறங்கும்போது அவருடைய தூக்குவாளியே கைநழுவிப் பள்ளத்துக்குப் போய்விட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. லாரிக்காரர் கயிறு கட்டி ஜீப்பைப் பின்னால் இழுத்தார். நடந்தது இவ்வளவுதான். கர்த்தர் காப்பாற்றினார் என்பதில் அன்றும் எனக்குச் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அந்தத் தூக்குவாளியைத்தான் ராசாத்தியக்கா இன்றுவரை என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜீப் பட்டறையிலிருந்து வர ஒரு வாரமானது. வந்த அன்று காலியாக மலையிறங்கினேன். பலாமரத்து வளைவு கண்ணில் பட்டதும் கை உதற ஆரம்பித்தது. நான் சொல்லாமலே கால் பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார். எப்படியோ வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. இருபத்தைந்து வருஷம் ஓட்டிய ரோட்டில் ஒரு திருப்பத்தைத் தாண்ட முடியாதவனாகிவிட்டேன். வீட்டுக்கு வந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இனி பிழைப்புக்கு என்ன செய்வேன் என்று அழுகை வந்தது.

சபையில் சொன்னேன். போதகர் ஐயா எண்ணெய் பூசி ஜெபித்தார். எல்லோரும் கைவைத்து உருகி ஜெபித்தார்கள். அன்று நெஞ்சு இலேசானது உண்மை. அடுத்த ஞாயிறு, ஆண்டவர் செய்ததை அவரவர் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கிடைத்துவிட்டது என்று விசுவாசித்து முதலில் சாட்சி சொல்லிவிடுவோம், சுகம் பின்னாலேயே வரும் என்போம். அப்படி வந்தவர்களையும் எனக்குத் தெரியும். அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் சாட்சி சொல்வதில் கொஞ்சம் கெட்டிக்காரன். எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுந்து நின்றேன். கர்த்தர் என் பயத்தை வேரோடு பிடுங்கிப்போட்டார், இன்று என்னிடம் பயம் என்பதே இல்லை என்று சொன்னேன். ஸ்தோத்திரச் சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது.

திங்கட்கிழமை காலை பலாமரத்து வளைவில் கை உதறியது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஊரெல்லாம் அறியச் சாட்சி சொல்லியாயிற்று. இனி பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது? என்னைப் போல ட்ரிப் அடிக்கிற செல்வத்தைப் பிடித்தேன். மலை ரோட்டை நீ பார்த்துக்கொள், என் ஆட்களைச் செக்போஸ்ட் வரை கொண்டுவந்து விடு, அங்கிருந்து தோட்டத்துக்கு நான் கொண்டுபோகிறேன் என்று ஏற்பாடு செய்தேன். காரணம் கேட்டவர்களிடம் முட்டி வலி, இறக்கத்தில் கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்றேன். வந்தது அடுத்த வில்லங்கம். சபையார் என் முட்டிக்காக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். ஒன்றுமே இல்லாத முட்டிக்கு எண்ணெய் பூசினார்கள். அது சுகமாகிவிட்டது என்றால் நான் மலை இறங்க வேண்டும். அதனால் சுகமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நொண்டிக்கொண்டே திரிந்தேன்.

என் மனைவி எஸ்தர் அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் இட்லி வைத்துக்கொண்டே, "நேத்து இடது கால்லதான நொண்டுனீக?" என்றாள். நான் சட்டென்று காலை மாற்றினேன். அவள் சட்னியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதற்கு நடுவில் என் பழைய சாட்சியை மற்ற எஸ்டேட் சபைகளிலும் சொல்லக் கூப்பிட்டார்கள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று போனேன். சபை மாற மாறச் சக்கரம் கூடிக்கொண்டே போனது அப்போதுதான்.

வெளியே இப்படி. உள்ளே என்ன நடந்தது என்றால், எனக்கு ஜெபம் நின்றுபோனது. முழங்காலில் நிற்பேன், வார்த்தை வராது. சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம் சொல்வதோடு சரி. சின்ன வயதிலிருந்து ஆண்டவரோடு வாய் ஓயாமல் பேசியவன் நான். ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே பேசுவேன், டயர் மாற்றும்போதும் பேசுவேன். அந்தச் சத்தம் என்னைவிட்டுப் போனதுதான் எனக்கு உண்மையான இழவு. வண்டி ஓட்ட முடியாததுகூட இரண்டாவதுதான்.

ஆடி மாதம் செல்வம் வந்து ஒரு செய்தி சொன்னான். அவனுக்குக் கோயம்புத்தூரில் கம்பெனி வண்டி ஓட்ட வேலை கிடைத்துவிட்டது, ஓணம் முடிந்ததும் போகிறான். காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் நேரம் அது. எல்லா ஜீப்பிலும் ஆள் நிறைந்திருந்தது. ஓணத்துக்கு அடுத்த திங்கள் நான் மலை இறங்காவிட்டால் பன்னிரண்டு பேரும் வீட்டில்தான் இருக்க வேண்டும். கை உதறிக்கொண்டு இறங்கினாலோ, அதை எழுதவே எனக்கு மனமில்லை.

நெடுங்கண்டம் போகிற வழியில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு சின்ன தியான இல்லம் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு தடவை அவர்களுக்கு அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் கொண்டுபோய் இறக்குவேன். வாசலில் ஒரு பலகை தொங்கும். ஆன்ம வழிகாட்டல், செவ்வாய்க்கிழமை மாலை என்று எழுதியிருக்கும். பல வருஷமாகப் பார்த்த பலகைதான். அன்று சிலிண்டரை உருட்டிக்கொண்டே, இது என்ன சிஸ்டர், தீர்க்கதரிசனம் சொல்வதா என்று கேட்டேன்.

அங்கே பொறுப்பில் இருப்பவர் சிஸ்டர் ரோஸ்லின். பாலக்காட்டுக்குக் கிழக்கே மீனாட்சிபுரத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். வீட்டில் மாடு கறந்து வளர்ந்தவர் என்பதால் இங்கேயும் ஒரு பசுவும் கன்றும் வைத்திருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, அதெல்லாம் தனக்குத் தெரியாது, வந்து உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குக் காது கொடுப்பது மட்டும்தான் என்றார். என் மூளை வேகமாக வேலை செய்தது. இவர் நம் சபை இல்லை. நம் சபையார் யாரும் இங்கே வருவதில்லை. ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

செவ்வாய்க்கிழமை போனேன். சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு மெழுகுவர்த்தி, ஜன்னலுக்கு வெளியே கன்றுக்குட்டி. உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தேன். ஜீப்பை விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா, ஆண்டவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

"நான் கேட்டுச் சொல்றதில்லீங்கண்ணா. நீங்க கேக்கறப்ப கூட உக்காந்திருப்பனுங்க, அவ்வளவுதான்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தேன். விற்க நினைப்பதற்கு என்ன காரணம் என்று கேட்டார். நான் பழக்க தோஷத்தில் என் சாட்சியை ஆரம்பித்துவிட்டேன். குரலை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கினேன். இரண்டு சக்கரம் தொங்கியது. பயத்தைக் கர்த்தர் பிடுங்கிப்போட்டார். முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஆமென் சொல்லவில்லை. அழவும் இல்லை. இப்போது நீங்கள் ஆண்டவரோடு பேசுவது எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், ட்ரிப் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். இதைக் கேட்கவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. கன்றுக்குட்டி ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, பேசுவதில்லை என்றேன். ஏன் என்றார். அப்போது என் வாயிலிருந்து வந்ததை நானே அன்றுதான் முதல் தடவை கேட்டேன்.

"குடுத்துட்டீர்னு ஊர் முன்னாடி நன்றி சொல்லிட்டேன் சிஸ்டர். இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் குடும்னு கேக்க?"

சொல்லிவிட்டு அழுதேன். ஐம்பத்திரண்டு வயதில் மேலுதடெல்லாம் நனைய அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். நான் ஓய்ந்த பிறகு ஒன்று மட்டும் கேட்டார். இப்போது தன்னிடம் சொன்ன இந்த வார்த்தையை ஆண்டவரிடம் சொல்லியாயிற்றா என்று. இல்லை என்றேன். சரி, அவசரமில்லை என்றார். அன்று அவ்வளவுதான். ஒரு மணி நேரம் முடிந்திருந்தது.

வெளியே வந்து ஜீப்பில் ஏறும்போதுதான் இந்த ஆன்ம வழிகாட்டல் என்றால் என்ன என்று விளக்கமாகக் கேட்டேன். அவர் பசுவுக்குப் புல் போட்டுக்கொண்டே சொன்னார். இது பாவ அறிக்கை இல்லை. ஆலோசனை சொல்லும் இடமும் இல்லை. ஆண்டவர் ஒவ்வொருவரோடும் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறார், அது எங்கே கேட்கிறது, எங்கே கேட்காமல் நாம் மறைந்துகொள்கிறோம் என்று இரண்டு பேராக உட்கார்ந்து கவனிக்கிறோம், வழிகாட்டுகிறவர் ஆண்டவர்தான், தான் பக்கத்தில் உட்காருகிற ஆள் மட்டும்தான் என்றார். உள்ளே பேசியது அந்த அறையைத் தாண்டாது என்றும் சொன்னார். அப்படியானால் நீங்கள் யாரிடம் பேசுவீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டேன். அவரும் மாதத்துக்கு ஒருமுறை மூன்று பஸ் மாறிப் பாலக்காடு போய் ஒரு வயதான ஃபாதர் முன்னால் உட்கார்ந்து பேசுவாராம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

இரண்டு காரியம் செய்யச் சொன்னார். கை உதறலுக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், தான் டாக்டர் இல்லை என்றார். அடுத்தது, சாயங்காலம் ட்ரிப் முடிந்ததும் வீட்டுக்குள் நுழையுமுன் ஜீப்பிலேயே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, இன்று எந்த இடத்தில் மனம் இலேசாக இருந்தது, எந்த இடத்தில் இறுகியது என்று பார்க்க வேண்டும். சரிசெய்ய வேண்டாம், பார்த்தால் போதும். அடுத்த மாதம் வந்து சொல்லுங்கள் என்றார். நான் இன்றைக்கே பதில் வேண்டும் என்று போனவன். ஆனால் ஏலச்செடியில் ஒரே நாளில் எல்லாக் காயையும் உருவ முடியாது, முற்றியதை எடுத்துவிட்டு அடுத்த ரவுண்டுக்குத் திரும்பி வர வேண்டும். இதைப் பன்னிரண்டு பேர் வாயால் தினமும் கேட்கிறவன் நான். சரி என்று தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, விபத்துக்குப் பிறகு இப்படிப் பலருக்கு வரும், இது வெட்கப்படும் காரியம் இல்லை, சரியாகும்வரை அந்த மலை ரோட்டில் ஆள் ஏற்றாதீர்கள், காலி வண்டியில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்துக்குப் போய்ப் பழகுங்கள் என்றார். முட்டியையும் தட்டிப் பார்த்தார். முட்டி கல் மாதிரி இருந்தது.

ஐந்து நிமிஷப் பழக்கத்தில் முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. தூக்கம்தான் வந்தது. இரண்டாவது வாரம் ஒன்று கண்ணில் பட்டது. தினமும் காலையில் செக்போஸ்ட்டில் அந்தப் பன்னிரண்டு பேரும் செல்வத்தின் ஜீப்பிலிருந்து இறங்கி என் ஜீப்பில் ஏறும் நேரத்தில்தான் என் நெஞ்சு இறுகியது. ஏன் என்று பல நாள் பார்த்தேன். பிறகு பிடிபட்டது. அவர்கள் பேசாமல் ஏறினார்கள். இரண்டு கிலோமீட்டர் போய் டீக்கடை வந்த பிறகுதான் வாய் திறந்தார்கள். ராசாத்தியக்கா உட்பட. செல்வத்திடம் கேட்டேன். பலாமரத்து வளைவு நெருங்கும்போதே எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள், கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போகும் என்றான்.

மறுநாள் தோட்டத்து வாசலில் ராசாத்தியக்காவைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். விடாமல் கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒனக்குச் சாமி பயத்த எடுத்துருச்சுன்னு நீயே சொல்லிட்டுத் திரியிற. தொங்குன வண்டிய மிதிச்சு நின்ன ஒனக்கே பயமில்லையாம். பின்னால உக்காந்து வந்த நாங்க எந்த வாய வச்சுப்பா பயமா இருக்குன்னு சொல்ல?"

எனக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. என் சாட்சியால் தேவ நாமம் மகிமைப்படுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பன்னிரண்டு பெண்களின் வாயை அடைத்திருந்தது. இரண்டு மாதத்துக்கு மேலாக அவர்கள் தினம் இரண்டு வேளை பயந்து, அதை ஒருத்தியிடம் ஒருத்திகூடச் சொல்லாமல் வந்திருக்கிறார்கள். எனக்கும் பயம்தான் அக்கா என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் ட்ரிப் முடிந்து வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினேன். ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தவன் வாயைத் திறந்துவிட்டேன். ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சொன்ன சாட்சி பொய். முட்டி பொய். ஒரு சக்கரம்தான் தொங்கியது. நீர் தராததைத் தந்தீர் என்று சொல்லி உம்மையே மாட்டிவிட்டேன். இப்போது எனக்கு உம்மைவிட்டால் ஆளில்லை. ஓணம் வருகிறது. கூட வாரும். இவ்வளவுதான் ஜெபம். பிரகாசமும் வரவில்லை, சத்தமும் கேட்கவில்லை. ஆனால் பேசிவிட்டேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவரோடு பேசிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? பசித்தது. உள்ளே போய் ஏழு தோசை சாப்பிட்டேன். நொண்டவில்லை. எஸ்தர் ஒன்றும் கேட்காமல் எட்டாவது தோசையை ஊற்றினாள். அப்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கால மாத்துன அன்னைக்கே தெரியும்" என்றாள். பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது தடவை சிஸ்டரிடம் போனபோது இதையெல்லாம் சொன்னேன். சபையில் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் இதற்கும் பதில் சொல்லவில்லை. சொல்வதாக நினைத்துப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கிறது, சொல்லாமல் விடுவதாக நினைத்தால் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். கண்ணை மூடிப் பார்த்தேன். சொல்வதாக நினைத்தால் பயமாக இருந்தது, ஆனால் அடியில் ஒரு அமைதி இருந்தது. சொல்லாமல் விடுவதாக நினைத்தால் முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு திரும்ப அந்த ஊமைத்தனம் வந்தது. எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவர் எழுந்து கன்றை அவிழ்த்துவிடப் போனார்.

ஓணத்துக்கு முந்தின ஞாயிறு, சாட்சி நேரம். எழுந்தேன். நான் எழுந்ததுமே இரண்டு பெண்கள் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்கள். முட்டி சுகமாகிவிட்டது என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். தொங்கியது ஒரு சக்கரம்தான் என்று ஆரம்பித்தேன். குரலை இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எனக்கு இன்னும் பயம் இருக்கிறது, எனக்காக மறுபடியும் ஜெபியுங்கள் என்று உட்கார்ந்தேன்.

சபைப் பெரியவர்களில் ஒருவரான ஒரு மூப்பருக்குக் கோபம். தேவ நாமத்தைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. போதகர் ஐயா தலை குனிந்து நின்றார். பிறகு அவர் நிமிர்ந்து, சாட்சி நேரம் இன்னும் முடியவில்லை, வேறு யாராவது உண்டா என்று மட்டும் கேட்டார். பின் பெஞ்சிலிருந்து தோட்டத்து ஸ்டோர் வாட்ச்மேன் பாக்கியநாதன் எழுந்தார். அதற்கு முந்தின வருஷம் சர்க்கரை வியாதி போய்விட்டது என்று சாட்சி சொன்னவர் அவர். இன்னும் மாத்திரை போடுகிறேன், பைபிள் உறைக்குள் வைத்திருக்கிறேன் என்று எடுத்தே காட்டினார். அவர் மனைவிக்கே அது அன்றுதான் தெரியும். சபையே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே ஜெபம் ஆரம்பித்தது. நான் கேட்ட ஜெபங்களிலேயே அதுதான் சுத்தமான ஜெபம்.

அந்த வாரம் தோட்டம் லீவு. செல்வத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலி ஜீப்பில் தினமும் இறங்கி ஏறினேன். முதல் நாள் வளைவுக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டாம் நாள் நடை வேகத்தில் தாண்டினேன். ஐந்தாம் நாள் நாலு தடவை தாண்டினேன். பயம் வந்தது. ஆனால் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டு ஆண்டவரிடம் சொல்லச் சொல்ல, கை என் பேச்சைக் கேட்டது. உதறல் நின்றது. செல்வம் என்னைப் பார்த்து, இனி நான் நிம்மதியாகக் கோயம்புத்தூர் போகலாம் என்றான்.

திங்கட்கிழமை வந்தது. மலையிறங்கிப் போய் ஜீப்பை நிறுத்தினேன். பன்னிரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஏறுவதற்கு முன் அவர்களிடமும் சொன்னேன். எனக்குப் பயம் போகவில்லை, அன்று சொன்னது பொய். ஆனால் கை இப்போது நடுங்கவில்லை, ஒரு வாரமாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஏற இஷ்டமில்லாதவர்கள் ஏற வேண்டாம் என்றேன். ராசாத்தியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். தன் புதுத் தூக்குவாளியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு முதலில் ஏறினார்.

வளைவு நெருங்கியது. பின்னால் சத்தம் அடங்கியது. எனக்குப் பழைய இறுக்கம் வந்தது. வாயைத் திறந்து, ஆண்டவரே எனக்குப் பயமா இருக்கு, கூட வாரும் என்று உரக்கவே சொன்னேன். பின்னாலிருந்து ராசாத்தியக்காவின் குரல் வந்தது.

"எங்களுக்குந்தான்னு சேத்துச் சொல்லு."

சேர்த்துச் சொன்னேன். யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கும்போது பலாமரம் பின்னால் போயிருந்தது.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது ஜெபிக்க எனக்கு நேரம் போதவில்லை. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில் போய் உட்காருகிறேன். போதகர் ஐயாவுக்கும் தெரியும். தனக்கும் ஒரு நாற்காலி கிடைக்குமா என்று அவர் கேட்டதை அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பயம் முழுதாகப் போயிற்றா என்று கேட்பவர்களுக்கு இப்போது உண்மையைச் சொல்கிறேன். பாதி போயிற்று. மீதியை எடுத்துக்கொண்டுதான் தினமும் அவரிடம் போகிறேன். நான் பயத்தை எடுத்துவிடும் என்று கேட்டேன். அவர் அதோடு என் பொய்யையும் எடுத்தார், ஒரு ஜீப் நிறைய ஜனத்தின் வாயையும் திறந்தார். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

இதை வாசிக்கிற அருமைச் சகோதரரே, சகோதரியே, ஊருக்காகச் சொன்ன ஏதோ ஒரு நன்றிக்குப் பின்னால் நீங்களும் ஒளிந்துகொண்டிருக்கலாம். வெளியே வாருங்கள். கூட உட்கார்ந்து கேட்க ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ஜீப் மாதிரி ஒரு இடம் போதும். நடந்ததை நடந்தபடியே அவரிடம் சொல்லுங்கள். அவர் கோபிக்க மாட்டார். என்னைக் கோபிக்கவில்லை.

இன்று காலை வெயில் நன்றாக அடித்தது. பாடிக்கொண்டே ஓட்டியதில் வளைவு வந்ததே தெரியவில்லை, தினமும் அங்கே சொல்லும் ஜெபமும் மறந்துவிட்டது. பின்னாலிருந்து ராசாத்தியக்கா என் தோளைத் தட்டி, "ஏப்பா, இன்னைக்கு எங்களுக்காகச் சொல்லலையா?" என்றார்.